குட்டியின் படம் இருக்கிறது, தாய் எங்கே? நாய்க்குட்டி விளம்பரங்கள் சொல்வதும் மறைப்பதும்

முகநூல் குழுக்களிலும் விளம்பரத் தளங்களிலும் தினமும் வரும் நாய்க்குட்டி விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. "ரோட்வைலர் குட்டிகள். ஆண் 3, பெண் 2. ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து கொடுத்தாச்சு. தகப்பன் நல்ல எலும்பு, பெரிய தலை. விலைக்குப் புலனத்தில் தொடர்பு கொள்ளவும்." கூடவே ஒரு துண்டின் மேல் படுத்திருக்கும் குட்டியின் படம். கழுத்தில் ரிப்பன், பின்னால் வெள்ளைச் சுவர்.

இந்த நான்கு வரியில் பிறந்த தேதி இல்லை. விற்பவரின் பெயரோ முகவரியோ இல்லை. விலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டியை ஈன்ற நாய் படத்தில் இல்லை.

விலையை மறைப்பது வெறும் வியாபாரத் தந்திரம் என்றே பலர் நினைக்கின்றனர். மலேசியாவில் அது சட்டப் பிரச்சினையும்கூட. இணையத்தில் வணிகம் செய்பவர் தம் பெயர், நிறுவனப் பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த மின்னியல் வர்த்தக விதிமுறைகள் கூறின. 2024இல் அவற்றின் இடத்தில் புதிய விதிமுறைகள் வந்தன. "பி.எம். தெப்பி" என்று விலையை ஒளித்து வைப்பது குற்றம் என உள்நாட்டு வாணிப அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. துடுங்கும் கைப்பையும் விற்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை ஓரளவு எட்டியிருக்கிறது. நாய்க்குட்டி விற்பவர்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

முகநூலின் கதை வேறு. தனிநபர்கள் அங்கே பிராணிகளை விற்க நிறுவனமே அனுமதிப்பதில்லை. ஆகவே 'விற்பனை' என்ற சொல் மறைந்து, 'தத்துக் கொடுக்கிறோம்', 'புது வீடு தேடுகிறோம்' என்று எழுதப்படுகிறது. உள்ளே போய்க் கேட்டால் 'தத்துக் கட்டணம்' ஆயிரக்கணக்கான ரிங்கிட். கைவிடப்பட்ட நாய்களுக்கு உண்மையிலேயே வீடு தேடும் தொண்டர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கலப்படத்தால் அவர்களுக்கும் கெட்ட பெயர்.

தோட்டத்தில் யாரும் வாங்கியதில்லை

தோட்டப்புறத்தில் வளர்ந்த தலைமுறைக்கு நாய் விலைகொடுத்து வாங்கும் பொருளாக இருந்ததில்லை. பக்கத்து லயத்தில் நாய் குட்டி போட்டால், கண் திறந்து, பால்குடி மறந்து, தானாகச் சோறு தின்னத் தொடங்கிய பிறகு ஒன்றைத் தூக்கி வருவார்கள். தாய் எது, அதன் குணம் என்ன, யாரைக் கடித்தது என்பதெல்லாம் லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி. "தாயைப் போல பிள்ளை" என்று பெரியவர்கள் பெண் பார்க்கும்போது மட்டும் சொல்லவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பின் கதை மாறிவிட்டது. வீட்டில் திருட்டுப் போனது, பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், தீபாவளிக்கு மகன் கேட்டான் என்று ஆளுக்கொரு காரணம். ஜெர்மன் ஷெப்பர்டையும் ரோட்வைலரையும் தேடுகிறார்கள். கைப்பேசியில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, எண்ணெய் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் குட்டியைப் பெற்றுக்கொள்கிறார்கள். விற்பவர் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் வாங்கல் முடிந்துவிடுகிறது. அப்படி முடிவது வாங்குபவருக்கு வசதிபோலத் தெரிந்தாலும், அந்த ஏற்பாட்டால் உண்மையில் பயனடைபவர் விற்பவர்தான்.

தாயைக் காட்ட மறுப்பது ஏன்?

சில நேரம் நியாயமான காரணம் இருக்கலாம். பிரசவித்த நாய் அந்நியரைக் கண்டு சீறும். பிற நாய்களுக்கு வாங்க வருவோரின் காலணியில் நோய்க்கிருமி ஒட்டி வரக்கூடும். அதற்கெல்லாம் வழி உண்டு: கம்பிக்கு அப்பால் நின்று பார்க்கலாம், அல்லது நேரடிக் காணொளி அழைப்பில் குட்டிகளும் தாயும் ஒரே சட்டத்தில் தெரியும்படி காட்டச் சொல்லலாம். அதற்கும் சாக்குச் சொல்பவரிடம் பெரும்பாலும் தாய் இல்லை. அவர் வளர்ப்பவர் அல்ல, எங்கிருந்தோ வாங்கிக் கைமாற்றும் இடைத்தரகர்.

அல்லது, தாய் இருக்கிறது, ஆனால் காட்டும் நிலையில் இல்லை. பெண் நாய்க்குக் கர்ப்பக் காலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இரு முறை பருவம் வரும். ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்தினால் அதன் உடல் தேற இடமே இல்லை. முலை தொங்கி, முடி கொட்டி, கூண்டுக் கம்பியில் பாதம் புண்ணான ஒரு நாயைப் பார்த்த பிறகு எவரும் சிவப்பு ரிப்பன் குட்டிக்கு 2,000 ரிங்கிட் எண்ணிக் கொடுக்கத் தயங்குவார்கள். விற்பவருக்கும் அது தெரியும்.

தாயைக் காட்டச் சொல்வதை இங்கிலாந்து சட்டமாகவே ஆக்கியது. 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே ஆறு மாதத்துக்கும் குறைவான நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்த்தவரிடமோ காப்பகத்திடமோதான் பெற வேண்டும். குட்டி பிறந்த இடத்தில், தாயோடு வைத்துக் காட்ட வேண்டும். வேல்ஸிலுள்ள ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் அது 'லூசி சட்டம்' என்று அழைக்கப்படுகிறது. மலேசியாவில் அப்படியொரு விதி இல்லை. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

எல்லை தாண்டும் குட்டிகள்

இடைத்தரகருக்குக் குட்டி எங்கிருந்து கிடைக்கிறது என்பதற்கு ஒரு பதில் எல்லைப் பகுதிகளில் இருக்கிறது. கிளந்தானில் கோலோக் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்திலிருந்து கடத்தி வரப்படும் பூனைகளையும் நாய்க்குட்டிகளையும் அதிகாரிகள் பிடிப்பது அவ்வப்போது செய்தியாகிறது. பிடிபட்டவை செய்தியாகின்றன. பிடிபடாதவை பள்ளத்தாக்கு வரை வந்து விளம்பரமாகின்றன.

தெற்கே போக்குவரத்து எதிர்த்திசையில். சிங்கப்பூரில் விலை அதிகம் என்பதால் இங்கிருந்து அங்கே கடத்துகிறார்கள். 2022 அக்டோபரில் துவாஸ் சோதனைச் சாவடியில் ஒரு வாகனத்துக்குள் 26 நாய்க்குட்டிகளும் ஒரு பூனையும் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு குட்டி பிடிபட்டபோதே இறந்து கிடந்தது. மேலும் 18 குட்டிகள் பின்னர் பார்வோ நோயில் இறந்தன. கொண்டுவந்த மலேசியருக்கு ஓராண்டுச் சிறை. அந்த 27 பிராணிகளில் உயிர் பிழைத்தவை 8 மட்டுமே. அவை பிடிபடாமல் போயிருந்தால், 18 வீடுகளில் ஒரே வாரத்தில் குட்டி செத்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாம் கொடுத்த சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்.

நாய்க்கு மட்டுமான ஆபத்தும் அல்ல. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக்கில் அது பரவியதாக அறிவிக்கப்பட்டு, அதன் பின் அங்கே பல மனித உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைக்காத நோய் அது. எந்த எல்லையைத் தாண்டி வந்தது என்று தெரியாத குட்டியைக் குழந்தையின் மடியில் வைப்பதில் இந்தக் கணக்கும் அடக்கம்.

ஊசிக் கணக்கு இடிக்கிறது

"ஒரு மாதக் குட்டி, இரண்டு ஊசி முடிந்தது." இப்படி எழுதும் விளம்பரங்கள் ஏராளம். அந்தக் கணக்கு ஒத்துவராது. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான முதல் தடுப்பூசி பொதுவாக ஆறு முதல் எட்டு வார வயதில் போடப்படும். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை தொடர வேண்டும். இடையில் ஏன் இத்தனை முறை என்றால், தாய்ப்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே ஒரு மாதத்தில் இரண்டு ஊசி என்றால், ஒன்று வயது பொய், அல்லது ஊசி பொய்.

வயதைச் சரிபார்க்க வாயைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பால்பற்கள் மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, எட்டாவது வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். ஈறு மொட்டையாக இருக்கும் குட்டியை இரண்டு மாதம் என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி உடன்பிறப்புகளிடமும் தாயிடமும்தான் கற்கிறது. அது கற்காமல் வந்த ரோட்வைலர் 40 கிலோவுக்கு வளர்ந்த பிறகு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனாலும் விற்பவர்கள் அவசரப்படுகிறார்கள். ஒரு மாதக் குட்டி பொம்மைபோல அழகு. இரண்டு மாதத்தில் தீனிச் செலவு ஏறும், ஊசிச் செலவும் சேரும்.

ஊசி அட்டையைக் கேட்டால் ஏதோ ஓர் அட்டை வரத்தான் செய்யும். அதில் பார்க்க வேண்டியது மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிட்டை, தேதி, கிளினிக்கின் முத்திரை, மருத்துவரின் கையொப்பம். கிளினிக்கின் பெயர் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். வெறும் பேனாவில் எழுதிய தேதிக்கு மதிப்பில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது உத்தரவாதம். "48 மணி நேர ஆரோக்கிய உத்தரவாதம்", "3 நாள் கேரண்டி" என்று சில விளம்பரங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. பார்வோ கிருமி உடலில் புகுந்த பின் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வெளிப்பட வழக்கமாக மூன்று முதல் ஏழு நாள் பிடிக்கும், சில வேளை அதற்கு மேலும் ஆகும். விற்பவரின் கூண்டில் நோய் தொற்றிய குட்டி, புது வீட்டில் முதல் இரண்டு நாள் துள்ளி விளையாடும். மூன்றாம் நாள் சாப்பிடாது. நான்காம் நாள் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது உத்தரவாதம் காலாவதி. நரம்பில் மருந்து ஏற்றி உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் செலவு, குட்டி வாங்கிய விலையையே மிஞ்சிவிடலாம். நோய் வெளியே தெரியும் முன்பே தீர்ந்துபோகும் உத்தரவாதத்தைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. இரண்டு வாரத்துக்குக் குறைவான எதுவும் வாங்குபவருக்குப் பயன் தராது. தருகிறேன் என்பவர் எழுத்தில் தர வேண்டும்.

சான்றிதழும் இனமும்

"எம்.கே.ஏ. சான்றிதழுடன் ஒரு விலை, சான்றிதழ் இல்லாமல் ஒரு விலை" என்பது இந்த வணிகத்தில் சாதாரணமாகிவிட்டது. 1925 முதல் இயங்கிவரும் மலேசிய கென்னல் சங்கம் வழங்கும் அந்தச் சான்றிதழ், குட்டியின் வம்சாவளியைப் பதிவுசெய்யும் ஆவணம். தாய், தகப்பன், பாட்டன் பெயர்கள் அதில் இருக்கும். குட்டி ஆரோக்கியமானது என்பதற்கு அது சான்றல்ல. பெரிய இன நாய்களுக்கு, குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்ட், ரோட்வைலருக்கு, பரம்பரையாக வரும் இடுப்பெலும்புக் கோளாறு உண்டு. பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். தலை எவ்வளவு பெரிது என்றுதான் கேட்கிறார்கள். மூக்கு சப்பிய பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவை நம் ஊர் வெயிலில் மூச்சுக்குத் திணறும். 'டீகப்', 'மினி' என்பவை பெரும்பாலும் விளம்பரச் சொற்கள். நோஞ்சான் குட்டிக்கோ, வயது குறைந்த குட்டிக்கோ சூட்டிய பெயராக இருக்கலாம்.

சில இனங்களில் சட்டச் சிக்கலும் உண்டு. பிட் புல், அகிதா, ஜப்பானியத் தோசா, நியோபாலிட்டன் மாஸ்டிஃப், தோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவரக் கால்நடை சேவைத் துறை தடை விதித்திருக்கிறது. ரோட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்ட் முதலியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. உள்நாட்டில் பிறந்த குட்டி என்றாலும், உரிமம் தருவதா இல்லையா என்பதை ஊராட்சி மன்றமே முடிவு செய்யும். விளம்பரத்தில் வேறு பெயர் சூட்டினால் அமலாக்க அதிகாரியின் கண்ணுக்கு நாய் மாறித் தெரியாது.

குட்டியே இல்லாத விளம்பரங்கள்

இன்னொரு வகையில் நோயும் இல்லை, தாயும் இல்லை, குட்டியும் இல்லை. வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்த படம், சந்தை விலையில் பாதி, "இன்றைக்குள் முன்பணம் போட்டால் உங்களுக்கு." பணம் போன பிறகு போக்குவரத்துக் கட்டணம், அடுத்து கூண்டுக் கட்டணம், அடுத்து அனுமதிப் பத்திரக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். பணம் அனுப்பும் முன் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். புகார் வந்த கணக்கா என்பது அதில் தெரியும். ஏமாந்துவிட்டால் உடனே 997 எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அழைத்தால்தான் தடுக்க வாய்ப்பு.

குட்டி செத்தால் பணம் போனது போனதுதானா?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைத்து விட்டுவிடுகிறார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பிராணிகளும் அடக்கம். மீன்கூடச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உயிரைப் பொருள் என்பது காதுக்கு நெருடலாக இருந்தாலும், இங்கே அது வாங்கியவருக்குச் சாதகம். வணிகமாக விற்பவர் தரும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் சட்டத்திலேயே உள்ளது. "விற்ற குட்டிக்குப் பணம் திருப்பித் தரப்படாது" என்று எழுதி வைத்தாலும் அந்த உரிமை அழியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் யாரை எதிர்த்துக் கோருவது? கார் நிறுத்துமிடத்தில் ரொக்கம் வாங்கிக்கொண்டு போனவருக்கு முகவரி இல்லை. முழுப்பெயரும் தெரியாது. விளம்பரத்தில் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் இருந்ததன் முழு அர்த்தம் அப்போதுதான் விளங்கும். விளம்பரத்தின் திரைப்பதிவு, புலன உரையாடல், வங்கிச் சீட்டு, குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு நாளுக்குள் எடுத்த மருத்துவப் பரிசோதனையின் அறிக்கை, இவை கையில் இருந்தால் வழக்கு நிற்கும்.

விற்பவர்களில் நம்மவர்களும் உண்டு. வீட்டில் ஒரு ஜோடி ரோட்வைலரை வைத்து, ஆண்டுக்கு ஓர் ஈற்று விற்று, அதில் வரும் பணத்தைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. நன்றாகப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்குகளைக் கொண்டு வணிகம் செய்வோர் கால்நடை சேவைத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் எடுத்து, எண்ணை விளம்பரத்தில் போட்டு, வீட்டுக்கு வரச் சொல்லித் தாயைக் காட்டும் ஒருவர், மறைத்து விற்பவரைவிட ஐந்நூறு ரிங்கிட் கூடக் கேட்டாலும் கொடுக்கத் தகும்.

காவலுக்கு ஒரு நாய் போதும் என்றால் இவ்வளவு செலவே வேண்டாம். அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ., சுபாங்கில் பாவ்ஸ் போன்ற காப்பகங்களில் கம்போங் நாய்கள் காத்திருக்கின்றன. இந்தச் சீதோஷ்ணத்துக்குப் பிறந்த உடம்பு அவற்றுக்கு. அந்நியன் வந்தால் குரைக்க வம்சாவளிச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. வளர்ந்த நாயாக எடுத்தால் அதன் குணமும் அளவும் முன்கூட்டியே தெரியும்.

எங்கிருந்து கொண்டுவந்தாலும், முதல் வேலை சொந்த ஊராட்சி மன்றத்தில் விசாரிப்பதுதான், அதுவும் குட்டியை வாங்கும் முன். அடுக்குமாடி வீடுகளுக்குப் பல மன்றங்கள் நாய் உரிமம் தருவதில்லை. தரை வீடுகளுக்கும் எத்தனை நாய், எந்த இனம் என்ற வரம்பு ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் அக்கம்பக்கத்தாரின் சம்மதமும் கேட்பார்கள். உரிமக் கட்டணம் பெரிய தொகை அல்ல. உரிமம் கிடைக்காத நாயை வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே முகநூல் குழுவில் 'புது வீடு தேடுகிறோம்' என்று படம் போடும் குடும்பங்கள் இப்போதே நிறைய இருக்கின்றன.